நடுவில் ஒரு மேடு

போன வாரம் மாமியாரையும் மருமகளையும் கூடத்துத் தரையில், விரித்த போர்வைக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக மண்டியிட்டபடி விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் எட்டிப் பார்த்தால், இடம்தான் மாறியிருக்கிறது. தரையிலிருந்து தையல் மெஷினுக்கு வந்திருக்கிறார்கள். போர்வை இன்னும் முடிந்தபாடில்லை.

எப்படி முடியும்? இரண்டு கட்டில்களை ஒட்டிப் போட்டு விரித்தாலும் நாலு பக்கமும் வழிந்து தொங்க வேண்டும் என்று அளவு எடுத்தவள் மாமியார். அவள் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே காலம் கழித்தவள். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் தெருவில் அவளுக்குக் கண்டக்டரம்மா என்றுதான் பெயர். மருமகள் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அதனால் மாமியார் அவளைக் கூப்பிடுவது "ஏ கண்ணாடி" என்று.

இவர்களுக்கு நடுவில் ஒருத்தன் உண்டு. வேறு ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கிறான். மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவன் வரவைக் குறைத்தான். வந்தாலும் ஒருநாள் புழுக்கம் என்றும், ஒருநாள் முதுகுவலி என்றும் கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டான்.

"ஊர்ல இருக்கற லிஃப்ட்டையெல்லாம் ஏத்தி இறக்குறான். சொந்த வீட்டுல மட்டும் பாதியிலயே நிக்கிறான்" என்பாள் கண்டக்டரம்மா.

அவளுடைய வைத்தியம்தான் இந்தப் போர்வை. ஒரே போர்வைக்குள் இரண்டு பேரும் வந்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே செத்துப்போகும் என்று எந்தப் புண்ணியவானிடம் கேட்டாளோ தெரியாது. திரைச்சீலைக் கடையில் தூக்கிப்போட இருந்த மாதிரித் துண்டுகளை மூட்டையாக வாங்கி வந்தாள். "நீ தை. நான் தாங்கறேன்" என்று மருமகளை மெஷினில் உட்கார வைத்துவிட்டாள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கண்டக்டரம்மாவுக்குத் தெரியாத ஒன்றும் உங்களுக்குத் தெரியும். புதன்கிழமை, ஒரு கண்ணாடியின் குட்டித் திருகாணியை மருமகள் முடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் போனில் பேசியது.

"நான் இனிமே அங்க வரப்போறதில்ல. எனக்கு இங்க ஒரு வீடு ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். நீயே அம்மாகிட்ட சொல்லிடு."

நீயே சொல்லிடு! இரும்புப் பெட்டியை மாடிக்கு மாடி இழுக்கத் தெரிந்தவனுக்கு, பெற்றவளிடம் ஒரு வாக்கியம் சொல்லத் தெரியவில்லை.

மருமகள் சொல்லவில்லை. வியாழன் போனது, வெள்ளி போனது, சனி போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள்போல் தைத்துக்கொண்டிருந்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை.

உண்மையைச் சொன்னால், புருஷன் போவதைப் பற்றி அவளுக்கு இனி அழுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை. அவன் வராத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அழுது முடித்திருந்தாள். பயமெல்லாம் அத்தையைப் பற்றித்தான். பிறந்த வீடு என்று சொல்ல அவளுக்கு ஒருவரும் இல்லை. இந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருஷத்தில் அவள் புருஷனோடு வாழ்ந்ததைவிட மாமியாரோடு வாழ்ந்ததுதான் அதிகம். காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் துணி நனைத்துப் போட்டவள், கடையிலிருந்து வர நேரமானால் தெருமுனையில் வந்து நிற்பவள், எல்லாம் அத்தைதான். கல்யாணம் முறிந்துபோனால் புருஷன் பழைய புருஷன் ஆகிவிடுவான். மாமியார் என்ன ஆவாள்? பழைய மாமியார் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

அத்தை போகமாட்டாள் என்று ஒரு நினைப்பு அவளுக்குள் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நாலு நாளாக மெஷினை மிதித்தாள்.

"சீக்கிரம் ஆகட்டும் கண்ணாடி. அவன் வர்றதுக்குள்ள கட்டில்ல விரிச்சுடணும்" என்றாள் கண்டக்டரம்மா. வீட்டு உடைக்கு மேலே தன்னுடைய பழைய யூனிஃபார்ம் சட்டையைப் போட்டிருந்தாள். வீட்டில் பெரிய வேலை எதுவானாலும் அவளுக்கு அந்தச் சட்டை வேண்டும். நீலம் வெளுத்து, தொடை வரை தொளதொளவென்று தொங்கும். டிக்கெட் கட்டு வைத்திருந்த பையில் இப்போது போன் இருந்தது. அன்றைக்கு அது அடிக்கடி உறுமியது. எடுத்துப் பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரன் மெசேஜ்" என்று திரும்பப் போட்டுக்கொண்டாள்.

பெரிய போர்வையை வீட்டு மெஷினில் தைப்பது யானையைச் சந்துக்குள் ஓட்டிப்போவது மாதிரி. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துச் சுருட்டி, மெஷினின் கைக்கு அடியில் இருக்கும் சின்ன இடுக்குக்குள் திணித்துத் தைக்க வேண்டும். வெளியே நிற்கும் பாகத்தை யாராவது தாங்கிக்கொள்ளாவிட்டால், கனம் இழுக்கிற இழுப்பில் ஊசி ஒடிந்துபோகும். அதனால் தைக்க ஒருத்தி, தாங்க ஒருத்தி.

தாங்குகிற வேலையைக் கண்டக்டரம்மா தன் பாணியில் செய்தாள். போர்வையை மடியிலும் தோளிலும் போட்டுக்கொண்டு மெஷினுக்கு இடது பக்கம் உட்கார்ந்து, "ரைட்!" என்பாள். மருமகள் பெடலை அழுத்துவாள். துணி எங்காவது மாட்டினாலோ திரும்ப வேண்டியிருந்தாலோ, "ஹோல்டான்!" அதைக் கேட்டுத்தான் கால் நிற்கும். தைக்கிறவள் பார்வை ஊசியை விட்டு நகரக் கூடாது. மற்றதெல்லாம் கண்டக்டர் பொறுப்பு.

"ரைட்!"

மெஷின் ஓடியது.

"ஹோல்டான்! ஹோல்டான்! ஏம்மா, இது என்ன?"

மருமகளுக்கு அது என்னவென்று இரண்டு நாளாகவே தெரியும். போர்வையின் நடுவில் ஒரு மேடு எழும்பியிருந்தது. உள்ளே ஒரு பூனை படுத்திருப்பதுபோல அவ்வளவு பெரியது.

தவறு முதல் நாளே நடந்துவிட்டது. இந்த மாதிரி வேலையை நடுவில் தொடங்கி வெளியே தைத்துக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் தள்ளும். தள்ளின துணி ஓரம் வழியாக வெளியே போய்விடும். ஆனால் கண்டக்டரம்மா, "முதல்ல வேலியைப் போடு, அப்புறம் உள்ள உழு" என்றாள். மருமகளும் நாலு ஓரத்தையும் தைத்து அடைத்துவிட்டு உள்ளே வந்தாள். தள்ளின துணிக்கெல்லாம் போக வழியில்லை. நாலு பக்கத்திலிருந்தும் நகர்ந்து வந்து நடுவில் கூடிவிட்டது.

கண்டக்டரம்மா மேட்டை உள்ளங்கையால் அழுத்தினாள். கையை எடுத்ததும் எழும்பியது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் தேய்த்தாள். எழும்பியது. கடைசியில் போர்வையைத் தரையில் போட்டு, மேட்டின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்தாள். அவள் எழுந்ததும் அதுவும் எழுந்தது.

"சொல்லித் தொலையேன். மாமியார் உடைச்சா மண்குடம்னு மனசுக்குள்ள சொல்லிட்டுத்தானே இருக்க?"

"நான் ஒண்ணும் சொல்லல அத்தை."

"சரி, இதுக்கு என்ன வழி?"

"எல்லாத்தையும் பிரிச்சுட்டு நடுவுல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும்."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. மேட்டை மடிச்சு வெச்சு மேலேயே ஒரு தையல் போட்டுடு. படுத்தா யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?"

மருமகளுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. யாரும் படுக்கப்போவதில்லை அத்தை, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்தக் காலை முடிந்துபோகும். பக்கத்தில் இப்படி ஒட்டி உட்கார்ந்து, ரைட்டு ஹோல்டான் என்று திட்டிக்கொண்டிருப்பது முடிந்துபோகும். "சரி அத்தை" என்று ஊசிக்கு அடியில் துணியைத் தள்ளினாள்.

மேட்டை மடித்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கண்டக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, மெஷின் மேலேயே கவிழ்ந்ததுபோல் குனிந்து, அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ரைட்!"

ஊசி மடிப்பின் மேல் ஏறியது. அடர்த்தியான இடம் என்பதால் மெஷின் முனகியது. மருமகள் பெடலை நன்றாக அழுத்தினாள். தையல் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டே இருந்தது. ஹோல்டான் வரவில்லை.

மடிப்பு முடிந்த பிறகும் வராததால் அவளாகவே காலை எடுத்து நிமிர்ந்து பார்த்தாள். கண்டக்டரம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் மகன் நின்றிருந்தான்.

"இன்னும் கிளம்பலையாம்மா?" என்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். "நீ சொல்லலையா?"

"இல்ல."

"என்னடா சொல்லணும்?" என்றாள் கண்டக்டரம்மா.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். இனி இந்த வீட்டுக்கு வரமாட்டான். அங்கே ஒரு பெண்ணோடு இருக்கிறான். ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. "அவளுக்கு இது ஏழாவது மாசம். பாத்துக்க ஆள் இல்லம்மா. நீ வந்தாத்தான் ஆகும்."

ஏழாவது மாசம் என்பதை மருமகள் இப்போதுதான் கேட்கிறாள். புதன்கிழமை போனில் அது இல்லை. இந்த ஒன்பது வருஷத்தில் அவளும் எத்தனையோ முறை மாசம் எண்ணியிருக்கிறாள். ஒருமுறைகூட மூன்றைத் தாண்டியதில்லை. அவள் பெடலுக்குப் பக்கத்தில் இருந்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டரம்மா எழுந்தாள். எழுந்த வேகத்தில் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் தொப்பென்று நாற்காலியில் விழுந்தாள். மறுபடி எழுந்தாள். மறுபடி விழுந்தாள்.

குனிந்திருந்தபோது அவள் சட்டையின் தொங்கல் போர்வைக்கு அடியில் போய்விட்டது. மேட்டை மடித்துத் தைத்த தையலோடு அவளையும் சேர்த்துத் தைத்தாகிவிட்டது.

மருமகளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடக்க முடியாமல் சிரித்தாள். கண்டக்டரம்மாவும் சிரித்தாள். மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சிரித்துக்கொண்டே இருந்த மருமகளின் முகம் எந்த இடத்தில் அழுகைக்கு மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"உக்காருங்க அத்தை. பிரிச்சு விடறேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்? கார் இன்னொருத்தனோடது. சாயங்காலத்துக்குள்ள திருப்பித் தரணும்" என்றான் அவன்.

"நீ வாசல்ல போய் நில்லுடா" என்றாள் அவன் அம்மா. போனான்.

மருமகள் தரையில் உட்கார்ந்து, போர்வையின் அடிப்பக்கத்தைப் புரட்டி, தையலைத் தேடினாள். ஊசி முனையால் ஒரு கண்ணியைத் தூக்கினாள். அறுத்தாள். அடுத்ததைத் தூக்கினாள். கடுகு அளவு திருகாணியைக் கண்ணால் பார்க்காமலே முடுக்குகிற விரல்கள் அவை. நினைத்திருந்தால் சரசரவென்று பிரித்துப் போட்டிருக்கும். இப்போது ஒவ்வொரு கண்ணியாக, அறுத்த நூலைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, மெல்ல மெல்ல அடுத்ததற்குப் போயின.

"அத்தை."

"ம்."

"நீங்க போக வேணாம்."

மருமகள் இன்னொரு கண்ணியை அறுத்தாள்.

"இத்தனை நாளும் நான்தானே பாத்துக்கிட்டேன். இனிமேலும் பாத்துக்கறேன். உங்களுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கறது, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடறது, அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? அவர் போகட்டும். அவரைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. நீங்க இருங்க அத்தை."

இதைவிடத் தாழ்ந்து ஒருத்தி கேட்க முடியாது. அவள் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள்.

"தானாடாவிட்டாலும் தன் சதையாடும்னு சொல்லுவாங்க" என்றாள் கண்டக்டரம்மா. வழக்கமான கணீர்க் குரல் இல்லை. "அவன் பண்ணினது அயோக்கியத்தனம். எனக்குத் தெரியாதா? செருப்பால அடிக்கணும். ஆனா அது பொறக்கப்போகுதே. அது என்ன பண்ணிச்சு?"

"நான் என்ன பண்ணினேன் அத்தை?"

கண்டக்டரம்மா கையை நீட்டி மருமகளின் தலையைத் தடவினாள். தடவின கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. மருமகள் அடுத்த கண்ணியைத் தூக்கினாள்.

"மெதுவாப் பிரிக்கிற."

"ஆமா."

"சாயங்காலம் வரைக்கும் பிரிப்பியா?"

"பிரிப்பேன்."

வாசலில் ஹாரன் சத்தம். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை.

கண்டக்டரம்மா தலையிலிருந்து கையை எடுத்தாள். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள். அடுத்ததைக் கழற்றினாள். ஒவ்வொன்றாகக் கடைசி வரை கழற்றி, கைகளை உருவிக்கொண்டு, வீட்டு உடையோடு எழுந்து நின்றாள். சட்டை போர்வையோடு கிடந்தது.

கழற்றினால் வந்துவிடும் சட்டைதான் அது. மருமகளுக்கு அது முதலிலேயே தெரியும். அத்தைக்கும் தெரியும். தெரிந்தேதான் இருவரும் இவ்வளவு நேரம் அதைப் பற்றிப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் கண்டக்டரம்மாவால் கொடுக்க முடிந்தது.

கட்டிலுக்கடியில் இருந்த அத்தையின் துணிப்பையை மருமகள்தான் இழுத்துக் கொடுத்தாள். அது ஏற்கெனவே கனமாக இருந்தது. அழுத கண்ணோடு தூக்கியவளுக்கு அப்போது அது உறைக்கவில்லை. மாத்திரை டப்பாவையும் சொட்டு மருந்தையும் ஓரத்தில் செருகி, "காலையில ஒண்ணு, ராத்திரி பாதி" என்று அவனிடம் சொன்னாள். அவன் சரி சரி என்று தலையாட்டினான். காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

காரின் பின் சீட்டில் ஏறுவதற்கு முன் கண்டக்டரம்மா திரும்பினாள்.

"கண்ணாடி, மடிச்சுத் தைச்சதை அப்படியே விட்டுடாதே. நான் சொன்னது தப்பு. எல்லாத்தையும் பிரிச்சுட்டு நடுவுல இருந்து ஆரம்பி."

"யாருக்கு அத்தை?"

கண்டக்டரம்மா காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மகன் வண்டியைக் கிளப்பாமல் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளாக ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தான்போலும். ஒருவேளை இறங்கிவிடுவாளோ என்று மருமகளும் காத்திருந்தாள். பஸ் முழுக்கக் கூட்டம் இருந்தாலும் கடைசிப் படியிலிருந்து டிரைவர் காதுக்கு எட்டவைக்கிற குரல் அத்தையுடையது. இன்றைக்கு ஜன்னலைத் தாண்டி வரக்கூடச் சிரமப்பட்டது.

"ரைட்" என்றாள் கண்டக்டரம்மா.

கார் போய்விட்டது.

மருமகள் உள்ளே வந்தாள். ஒட்டிப் போட்ட இரண்டு கட்டில்களும் வெறும் மெத்தையோடு கிடந்தன. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, போர்வையை ஊசிக்கு அடியில் இழுத்து வைத்து, ஊசியைத் துணிக்குள் இறக்கினாள். பிரிப்பதா, தைப்பதா, எதற்கு என்று ஒன்றும் தெரியவில்லை. சட்டை இன்னும் பாதி தைபட்டபடி, ஒரு கை தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது.

அந்தச் சட்டைக்குள் ஏதோ உறுமியது.

சட்டைப்பையில் போன். அத்தை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். ஓடினால் கார் தெருமுனையில் நிற்குமா என்று எழுந்தவள், திரையில் வந்த பெயரைப் பார்த்து நின்றாள். 'பாப்பா' என்றிருந்தது. அத்தைக்கு மகள் கிடையாது. பாப்பா என்று அவள் யாரையும் கூப்பிட்டு இந்த வீட்டில் கேட்டதில்லை.

எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஓர் இளம்பெண்ணின் குரல் கலகலவென்று வந்தது.

"அத்தை, காலையில இருந்து எத்தனை மெசேஜ் போட்டேன்! கிளம்பிட்டீங்களா? ரைட் சொல்லியாச்சா?"

ரைட். அதுவும் அங்கே போயிருக்கிறது.

அவள் யார், எந்த ஊர், என்ன பெயர் என்று அத்தை மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது மருமகளுக்கு இப்போது உறைத்தது. துணிப்பையின் கனமும் உறைத்தது. அப்படியானால் இந்தப் போர்வை எதற்கு? இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து தாங்கியது எதற்கு?

"இப்பதான் கிளம்பினாங்க" என்றாள். "போனை இங்கேயே விட்டுட்டாங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"நீங்க யாரு பேசறீங்க?"

குத்தலாகக் கேட்ட கேள்வி இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். அத்தையின் போனை எடுக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விக்கு மருமகள் யோசிக்காமல் சொல்கிற பதில் ஒன்று உண்டு. அவங்க மருமக பேசறேன். ஒன்பது வருஷமாகச் சொன்னது. அதைச் சொல்லத்தான் இப்போதும் வாயைத் திறந்தாள்.

தாங்க ஆளில்லாத போர்வை மேசையிலிருந்து மெல்லச் சரிந்து, தன் கனத்திலேயே தரைக்கு இறங்கியது. மெஷினில் ஊசி படக்கென்று ஒடிந்தது.

"ஹலோ? யாருங்க?" என்று அந்தக் குரல் திரும்பவும் கேட்டது.